குணமும் கருமமும்

கல்லூரியன்னை தன் ஆண்டுகளை எண்ணி மகிழும் இவ்விழாவேளையில், அவள் மடியிலே வளர்ந்து உலகின் பல பாகங்களிலும் தொழில் புரியும் மைந்தர் மீண்டும் அவள் முற்றத்திலே கூடுகின்றனர். அவர்களைக் காணுந்தோறும் ஆசிரியராகிய எமக்கு மகிழ்ச்சியோடு வியப்பும் உண்டாகின்றது. ஒரே வாங்கில் அருகருகே இருந்து, ஒரே பாடத்தைக் கேட்டு, பரீட்சையிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியைப் பெற்றுச் சென்ற இருவர், இருபதாண்டுகளின் பின் இருவேறு நிலையினராய் வந்து நிற்கின்றனர். ஒருவர் தம் கந்தோரிலே இன்றியமையாதவர் எனப் பெயர் பெற்றுள்ளார். மற்றவர் ஐந்து தொழில் மாறி ஆறாவதைத் தேடுகின்றார். புள்ளியிலே காணப்படாத இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? 'குணம்' என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. அச்சொல் எதனைக் குறிக்கின்றது, அதனை அளக்க முடியுமா, அளந்தால் ஒருவர் தம் கருமத்தை எவ்வாறு ஆற்றுவார் என்பதை முன்கூட்டி அறியலாமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது பழைய மாணவர் ஒருவரின் கடிதம். கொழும்பிலே சொந்தமாக வாணிப நிலையம் நடத்தும் அவர், தம்மிடம் வேலைக்கு விண்ணப்பித்த நம் மாணவர் மூவரின் நற்சாட்சிப் பத்திரங்களையும் பிரதி செய்து எமக்கே திருப்பி அனுப்பியிருந்தார். "ஐயா, மூன்றையும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயரை மறைத்தால் மூன்றும் ஒன்றே. இவருள் யாரை நான் எடுப்பது?" என்பதே அவர் கேள்வி. எடுத்துப் பார்த்தோம். நன்னடத்தை உடையவர், கீழ்ப்படிவுள்ளவர், ஊக்கம் மிக்கவர் என்னும் அதே மூன்று தொடர்கள் மூன்றிலும் இருந்தன. ஏழாண்டு பழகிய மாணவனைப் பற்றி, அவனுக்கே உரியதாக ஒரு வாக்கியமேனும் எழுத இயலாத ஆசிரியர் அவனை உண்மையிலே கண்டவர்தாமோ என்ற ஐயம் எம்மை வருத்தியது. அவ்வருத்தத்தின் பயனே இக்கட்டுரை.

முன்னோர் கண்ட நெறி

ஆளை அறிந்து கருமத்தை ஒப்படைத்தல் என்பது தமிழர்க்குப் புதிய வினா அன்று. திருக்குறட் பொருட்பாலிலே 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. 52ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஒருவரிடத்துள்ள குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நாடி, மிகுந்தது எதுவெனக் கண்டு கொள்ளுக என்பது முன்னதன் போதனை. குற்றமே இல்லாதாரைத் தேடுக என வள்ளுவர் கூறவில்லை என்பது கவனித்தற்குரியது. எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்னரும், தொழிலில் அமர்ந்தவுடன் வேறுபட்டுப் போவோர் பலர் என்னும் எச்சரிக்கை பின்னதில் உண்டு. இன்றைய ஆராய்ச்சியாளர் பல்லாண்டு முயன்று கண்ட முடிபுகளுள் இவ்வெச்சரிக்கையும் ஒன்றென்பதைப் பின்னர்க் காண்போம்.

அதே பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்பன 60 முதல் 63 வரை அடுத்தடுத்து அமைந்த அதிகாரங்கள். கருமஞ் செய்பவனின் உள்ளத்தை ஒரு தொகுதியாக வைத்து ஆராய்ந்த முறை இது. நன்னூலாராகிய பவணந்தி முனிவரோ மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாக்கி, அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றோடு ஒப்பிட்டார். ஒவ்வோர் உவமையும் கற்கும் முறையிலே தோன்றும் ஒரு குணத்தைச் சுட்டுவது. இவ்விரு நூலாரும் குணத்தின் வகையைக் கூறினர். அளவைக் கூற முற்படவில்லை. அளக்கும் முயற்சி சென்ற நூற்றாண்டிலே மேலைநாட்டு உளநூலாரால் தொடங்கப்பெற்றது.

சொற்களிலிருந்து ஐந்து குணங்கள்

அவர்கள் தொடங்கிய இடம் நம் போன்ற மொழியாசிரியர்க்கு மிக இனிப்பது. மக்கள் ஒருவரையொருவர் வேறுபடுத்தி அறிதற்கு வேண்டிய குணபேதங்கள் யாவும் நாளடைவில் மொழியிலே சொற்களாகப் படிந்திருக்கும் என்பது அவர்தம் துணிபு. எனவே குணங்களைத் தேடி அவர்கள் அகராதிக்குச் சென்றனர். 1936ஆம் ஆண்டில் ஓல்போட், ஒட்பேட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், வெப்ஸ்ரர் பேரகராதியிலிருந்து மனிதரை வருணிக்கும் சொற்களாக ஏறத்தாழ 18,000 சொற்களைத் தொகுத்தனர். அவற்றுள் நிலையான குணத்தைக் குறிப்பன ஏறத்தாழ 4,500 எனக் கண்டனர். பின்வந்த கற்றல் என்பார் இச்சொற்களைக் குழுக்களாக்கிச் சுருக்கிப் பதினாறு கூறுகளை அளக்கும் வினாக்கொத்தொன்றை 1949இல் வெளியிட்டார். 1961இல் அமெரிக்க விமானப் படையைச் சார்ந்து ஆராய்ந்த ரியூப்ஸ், கிறிஸ்ரல் என்போர், தம் தரவுகளை மீண்டும் மீண்டும் பகுத்தபோது ஐந்து பெருங்கூறுகளே நிலைத்து நிற்கக் கண்டனர். 1980ஆம் ஆண்டுகளிலே கோல்ட்பேக், கொஸ்ரா, மக்கிறே முதலியோர் இவ்வைந்தையும் உறுதிப்படுத்தினர். அவை வருமாறு:

1. கருமசிரத்தை: ஒழுங்கு, நேரந்தவறாமை, ஏற்றதை முடிக்கும் பிடிவாதம், கடமையுணர்ச்சி.
2. உளச்சமநிலை: இடர் வந்துழிக் கலங்காமை, சிறு குறைக்குப் பெருங்கவலை கொள்ளாமை.
3. புறநோக்கு: பலரோடு கலந்து பழகுதல், பேச்சில் ஊக்கம், முன்னிற்கும் விருப்பு.
4. இணக்கம்: பிறர்மேல் நம்பிக்கை, விட்டுக்கொடுத்தல், உதவும் மனம்.
5. புதுமை நாட்டம்: அறியாததை அறியும் ஆவல், கலையுணர்ச்சி, புதிய வழியை முயன்று பார்க்கும் மனம்.

இவை ஐந்தும் ஐந்து பெட்டிகள் அல்ல; ஐந்து ஏணிகள் எனலாம். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஏணியிலும் ஏதோ ஒரு படியில் நிற்கின்றனர். மிகப் பெரும்பாலோர் நடுப்படிகளிலேயே நிற்பர். 'இவன் புறநோக்கினன், அவன் அகநோக்கினன்' என மாந்தரை இரு கூறாகப் பிரிப்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

மாணவர்க்கு இங்கே ஒரு பயிற்சி தருகின்றோம். நம் ஊர் வழக்கிலே குணத்தைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்துப் பாருங்கள். பஞ்சிக்காரன், முன்கோபி, வாயாடி, சாது, அவசரக்குடுக்கை, விடாக்கண்டன் எனத் தொடங்கினால் பட்டியல் நீளும். அவற்றை மேற்கூறிய ஐந்தனுள் அடக்க முயலுங்கள். எளிதில் அடங்குவன பல. அடங்காது நிற்பனவும் சில இருக்கும். அடங்காதவையே ஆராய்ச்சிக்கு உரியவை. ஏனெனில் இவ்வைந்து எல்லா மக்களிடத்தும் ஒரேவகையாய் அமைந்தன என்பது முடிந்த முடிபன்று. பொலிவியா நாட்டுக் காடுகளிலே வேளாண்மையும் வேட்டையும் செய்து வாழும் சிமானே மக்கள் 632 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, அவர்களிடத்து இவ்வைந்து கூறும் தெளிவாகத் தோன்றவில்லை எனக் காட்டியது.

ஐயமும் தெளிவும்

குணங்களை எண்ணிவிட்டால் போதுமா? குணத்துக்கும் செய்கைக்கும் தொடர்பு உண்டென நிறுவுதல் வேண்டும். இவ்விடத்திலே ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். 1928இல் ஹாட்ஷோண், மே என்போர் பல்லாயிரம் பள்ளிச் சிறுவரை ஆராய்ந்தனர். பரீட்சையிலே பார்த்தெழுதும் சிறுவன் விளையாட்டிலும் பொய்யனாய் இருப்பான் எனத் துணிதற்கில்லை என்பது அவர் கண்ட முடிபு. நேர்மை என நாம் ஒரு பெயரால் அழைப்பது இடத்துக்கிடம் மாறுபட்டது. 1965இல் கையன், கொற்றியர் என்போர், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, தொழிலுக்கு ஆள் தெரிதற்குக் குணப் பரீட்சைகளைப் பொதுவாக நம்புதற்குப் போதிய ஆதாரமில்லை எனத் தீர்ப்புக் கூறினர். 1968இல் மிஷெல் என்பார் எழுதிய நூலும் இவ்வையத்தை வலியுறுத்தியது.

இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்த இவ்வையத்தைப் பெரிதும் மாற்றியது 1991இல் பரிக், மவுண்ட் என்னும் இருவர் வெளியிட்ட தொகுப்பாராய்ச்சி. முன்னோர் செய்த 117 ஆராய்ச்சிகளை எடுத்து, மேற்கூறிய ஐந்து குணங்களின் கீழ் வகைப்படுத்தி, ஏறத்தாழ 24,000 பேரைப் பற்றிய தரவுகளை ஒருங்கு சேர்த்து அவர்கள் நோக்கினர். உயர்தொழிலாளர், பொலிசார், முகாமையாளர், விற்பனையாளர், கைத்தொழிலாளர் என ஐவகைத் தொழிலினரும் அதனுள் அடங்கினர். ஐவகைத் தொழிலிலும் ஒன்றுபோலத் தொழிற்றிறனோடு தொடர்புற்ற குணம் ஒன்றே. அதுவே கருமசிரத்தை. புறநோக்கு முகாமையாளர்க்கும் விற்பனையாளர்க்கும் துணைசெய்தது. புதிதாகத் தொழில் பயிலும் காலத்தில் புதுமை நாட்டமும் புறநோக்கும் பயன்பட்டன.

கல்விக்கும் இவ்வுண்மை பொருந்தும். 2009இல் பொறொபற் என்பார் 70,000 பேருக்கு மேற்பட்ட மாணவரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோது, கல்விப் பேற்றோடு மிகவும் இயைந்த குணம் கருமசிரத்தையே எனக் கண்டார். 'இருந்து படி' என்று கூறிய நம் அன்னையர் பிழைபடக் கூறவில்லை.

எண்ணின் பொருள்

ஆயினும் இங்கே அவசரப்படலாகாது. 'தொடர்பு உண்டு' என்பதற்கும் 'தொடர்பு பெரிது' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அறியாதார் இவ்வாராய்ச்சியாற் பெருந்தீங்கு செய்வர். இரு பொருள்களுக்கிடையே உள்ள தொடர்பைக் கணிதர் இணைபுக் குணகம் என்னும் எண்ணாற் குறிப்பர். தொடர்பே இல்லையெனில் அது 0. ஒன்று ஏற மற்றது தவறாமல் ஏறுமெனில் 1. பரிக், மவுண்ட் என்போர் கருமசிரத்தைக்கும் தொழிற்றிறனுக்கும் இடையே கண்ட எண் ஏறத்தாழ 0.22. இத்துறை ஆராய்ச்சிகளை மறுபடியும் நுணுகி நோக்கி 2022இல் சக்கற் முதலியோர் வெளியிட்ட மதிப்பீட்டில் அவ்வெண் 0.19. இரண்டையும் 0.2 என வைத்துக்கொள்வோம்.

இதன் பொருள் யாது? கணக்கிட்டுப் பார்ப்போம். கருமசிரத்தையிலே நடுநிலைக்கு மேற்பட்ட 100 பேரை எடுத்தால், அவருள் ஏறத்தாழ 56 பேர் தொழிற்றிறனிலும் நடுநிலைக்கு மேற்படுவர். 44 பேர் கீழ்ப்படுவர். அவ்வாறே, சிரத்தையிற் குறைந்தவர் எனத் தள்ளப்படும் 100 பேருள் 44 பேர் தொழிலில் நடுநிலைக்கு மேற்படுவர். ஆயிரம் பேரை எடுக்கும் பெருநிறுவனத்துக்கு இவ்வேறுபாடு இலாபந் தரலாம். ஒரே ஒருவனைப் பற்றி, 'இவன் ஆகான்' என ஆசிரியர் எழுதும் ஒரு வரிக்கோ அது போதிய ஆதாரமாகாது. அந்த 44 பேருள் அவனும் ஒருவனாய் இருத்தல் கூடும். தெளிந்த பின்னும் வேறுபடுவோர் பலர் என்று வள்ளுவர் எச்சரித்ததன் அளவு இதுவே எனலாம்.

ஒருவர் வரலாற்றை எடுத்துக்காட்டி இவ்வெண்ணை வெல்லவும் முடியாது. சிறுப்பிட்டியிலே 1832இல் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், உத்தியோகங்களை வகித்துக்கொண்டே ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். சிரத்தைக்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை. எனினும், அவரைப் போன்றே சிரத்தையோடு உழைத்தும் ஏடு கிடைக்காமையாலும் பொருள் இன்மையாலும் முயற்சி நிறைவேறாதார் பெயர்கள் நம் காதில் விழுவதில்லை. வென்றாரை மட்டும் வைத்துக் குணத்துக்குப் பயன் கூறுதல், விளைந்த வயலை மட்டும் பார்த்து மழையை அளத்தல் போலாகும். பெரியோர் வரலாறு நம்மை ஊக்குதற்கு உரியது. அளத்தற்கு எண்ணே வேண்டும்.

எத்தொழிலுக்கு எக்குணம்?

குணம் பெரிதாகப் பயன்படுவதும் சிறிதாகப் பயன்படுவதும் தொழிலின் இயல்பைப் பொறுத்தது. பரிக், மவுண்ட் இருவரும் 1993இல் மற்றொன்றைக் கண்டனர். தம் விருப்பின்படி கருமத்தை நடத்தும் உரிமை மிகுந்த முகாமையாளரிடத்திலேயே குணத்துக்கும் தொழிற்றிறனுக்கும் தொடர்பு மிகுந்திருந்தது. இது நம் அனுபவத்துக்கும் ஒத்தது. ஆசிரியர் முன்னிருக்கும் வகுப்பிலே எல்லாச் சிறுவரும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பர். ஆசிரியர் வெளியே சென்ற ஐந்து நிமிடத்திலேயே குணபேதம் வெளிப்படும்.

மேலும், 'மிகுந்தால் நன்று' என்பதும் எப்போதும் உண்மையன்று. விற்பனைக்கு வாயாடியே ஏற்றவர் என்பது உலகோர் கருத்து. தொலைபேசி வாயிலாக விற்பனை செய்யும் 340 பேரைக் கிறாண்ட் என்பார் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிபு வேறு. புறநோக்கு மிகக் குறைந்தவரும் மிக மிகுந்தவரும் அல்லர், நடுப்படியில் நின்றவரே அதிகம் விற்றனர். பேசவும் தெரிந்து, வாங்குவோர் கூறுவதைக் கேட்கவும் தெரிந்தவர் அவர். கருமசிரத்தைக்கும் எல்லை உண்டு. அளவு மீறிய ஒழுங்கு, விரைந்து முடிவெடுக்க வேண்டிய எளிய தொழிலிலே இடையூறாய் மாறும் என 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டியது. ஒரு கடிதத்தை ஐந்து முறை திருத்தி எழுதும் இலிகிதரை நாம் அறிவோம். அவர் மேசையில் ஐம்பது கடிதம் தேங்கிக் கிடப்பதையும் அறிவோம்.

தலைமையைப் பற்றியும் ஒரு சொல். புறநோக்குடையார் தலைவராக எழுதல் மிகுதி என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், தலைவராக எழுதல் வேறு, தலைமையை நன்கு நடத்துதல் வேறு. அமெரிக்காவில் பீட்சா விற்கும் நிறுவனமொன்றின் 57 கிளைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரை இதனை விளக்கும். ஊழியர் தாமாகவே யோசனை கூறி முன்வரும் கிளைகளில், அமைதியான தலைவரின் கீழேயே இலாபம் உயர்ந்தது. ஊழியர் சொன்னதைச் செய்வோராய் மட்டும் இருந்த கிளைகளில் புறநோக்குத் தலைவரே பயன்பட்டார். குணம் ஒரு பக்கம், இடம் மறுபக்கம். இரண்டும் பொருந்தினாலே கருமம் நடைபெறும்.

நாம் செய்த பிழை

இனி, இக்கட்டுரையின் வேதனையான பகுதிக்கு வருகின்றோம். பல்லாண்டுகளுக்கு முன் எம் உயர்வகுப்பிலே அமைதியான மாணவன் ஒருவன் இருந்தான். கேட்டால் விடை சொல்வான், கேளாவிட்டால் வாய்திறவான். மாணவ முதல்வரைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் அவன் பெயர் எழுந்தபோது, "முன்னின்று பேசமாட்டான், தலைமைக்கு ஆகான்" என்று கூறித் தடுத்தவர் நாமே. அவன் கல்லூரியை விட்டு நீங்கியபோது எழுதிக்கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்திலும், வழக்கமான புகழுரைகளின் கீழே, "தலைமைப் பண்பு இன்னும் விருத்தியடைதல் வேண்டும்" என ஒரு வரி சேர்த்தோம். நன்மை கருதியே சேர்த்தோம்.

அண்மையிலே அவர் எம்மைக் காண வந்திருந்தார். இன்று மருந்துக் களஞ்சியம் ஒன்றுக்குப் பொறுப்பானவர். நாற்பது பேர் அவர் கீழ்க் கடமை புரிகின்றனர். உரையாடும்போது, சிறிதும் வன்மம் இன்றி, "ஐயா எழுதித் தந்த அந்த வரியை மூன்று நேர்முகப் பரீட்சைகளிலே எனக்கு வாசித்துக் காட்டினார்கள்" என்றார். நாம் வாயடைத்திருந்தோம். "நாற்பது பேரை எவ்வாறு நடத்துகிறீர்?" எனச் சற்றுப் பொறுத்துக் கேட்டோம். "கூட்டம் வைத்துப் பேச எனக்கு இப்போதும் வராது, ஐயா. காலையில் ஒவ்வொருவரிடமும் போய் என்ன குறை என்று கேட்பேன்" என்றார்.

அவர் சென்ற பின்னரே ஒன்று எம் நினைவுக்கு வந்தது. கல்லூரி நூல்நிலையத்திலே கறையான் பிடித்த அலுமாரியின் புத்தகங்களை, ஓராண்டுக் காலம் சனிக்கிழமைதோறும் வந்திருந்து ஒட்டிக் கட்டியவன் அவனே. ஒருவரும் ஏவவில்லை. முதலில் தனியே இருந்தான். பின்னர்க் கீழ்வகுப்புச் சிறுவர் நால்வர் அவனோடு வந்திருந்து வேலை பழகினர். அச்செய்கையை நாம் கண்ணாற் கண்டோம். ஆயினும் மேடையிலே பேசுவதற்கே 'தலைமை' எனப் பெயரிட்டிருந்தமையால், கண்ட செய்கையை எழுதாது, காணாத குணத்தை எழுதினோம். அவருக்கு அப்போது வயது பதினெட்டு.

வயதைக் கூறுதற்குக் காரணம் உண்டு. குணம் கல்லிற் பொறித்த எழுத்தன்று. பல்லாண்டுகள் தொடர்ந்து மக்களை நோக்கிய 92 ஆராய்ச்சிகளை றொபேட்ஸ் முதலியோர் 2006இல் தொகுத்தனர். கருமசிரத்தையும் உளச்சமநிலையும் வயதோடு உயர்கின்றன என்றும், இருபது முதல் நாற்பது வரையுள்ள பருவத்திலேயே அவ்வுயர்ச்சி மிகுதி என்றும் கண்டனர். தொழிலும் குடும்பமும் பொறுப்பும் வந்து சேரும் பருவம் அது. எனவே பதினெட்டு வயதிலே குணத்துக்கு முத்திரை இடுதல், நாற்று நிலையிலேயே நெல்லை அளக்கப் புகுதலாகும்.

நற்சாட்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

அப்படியானால் ஆசிரியர் சாட்சி பயனற்றதோ எனின், அன்று. தம் குணத்தைத் தாமே வினாக்கொத்தில் எழுதுவோர், வேலை வேண்டித் தம்மை உயர்த்தி எழுதுதல் இயல்பு. ஒருவரை அருகிருந்து கண்ட பிறர் கூறும் குணமதிப்பீடு, அவர் தம்மைத் தாமே மதிப்பிட்டதைவிடத் தொழிற்றிறனை நன்கு முன்னறிவிக்கும் என்பது 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளியான தொகுப்பாராய்ச்சிகளின் முடிபு. ஆசிரியர் சாட்சிக்கு இத்துணை மதிப்பு இருப்பதனாலேயே, அதனைச் செவ்வனே எழுதும் கடமையும் நமக்கு உண்டு.

எம் பழைய பத்திரத்திலே, 'ஊக்கமும் கீழ்ப்படிவும் உடையவர். தலைமைப் பண்பு விருத்தியடைதல் வேண்டும்' என்றிருந்தது. இன்று எழுதுவோமாயின், 'கல்லூரி நூல்நிலையத்தின் பழுதுற்ற நூல்களை ஓராண்டுக் காலம் சனிக்கிழமைதோறும் தாமாகவே வந்து திருத்தினார். இளைய மாணவர் நால்வர்க்கு அவ்வேலையைப் பழக்கினார். பெருங்கூட்டத்திற் பேசுதலை விரும்புவதில்லை' என எழுதுவோம். இதில் ஒரு குணப்பெயரும் இல்லை. இருப்பினும் தொழில் தருபவர் தமக்கு வேண்டியதைத் தாமே அறிந்துகொள்வார். குறையும் மறைக்கப்படவில்லை, அது தீர்ப்பாகவும் கூறப்படவில்லை.

இதனாற் பெறப்படுவனவற்றை முத்திறத்தார்க்கும் விண்ணப்பித்து அமைவோம்.

ஆசிரியர் தோழர்களே, ஒவ்வொரு மாணவர்க்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவோம். தவணைக்கு ஒரு செய்கையேனும் திகதியோடு அதிலே எழுதுவோம். பட்டப்பெயர்களை எழுதாதிருப்போம்.

தொழில் தரும் பழைய மாணவர் பெருமக்களே, குணப் பரீட்சை ஒன்றையே நம்பி ஒருவரை ஏற்கவோ தள்ளவோ வேண்டா. வந்தவர்க்கெல்லாம் ஒரே வினாக்களை ஒரே ஒழுங்கிற் கேட்டு, விடைகளை ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகப் பரீட்சை இதனினும் நம்பத்தக்கது. முன்னர்க் கூறிய 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே அதற்கு முதலிடம். அதன் எண் 0.42. அதுவும் 1 அன்று என்பதை மறவாதீர். 'உம்மைப் பற்றிக் கூறும்' என்று கேட்பதைவிட, 'நீர் செய்து முடித்த கடினமான கருமம் ஒன்றைக் கூறும்' என்று எல்லாரிடமும் கேளுங்கள்.

மாணவர்காள், உங்கள் குணத்தைப் பற்றிப் பிறர் இட்ட பெயரை உங்கள் விதியெனக் கொள்ளற்க. கூச்சமுடையவன் பேச்சாளனாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஏற்ற சிறு கருமத்தைச் சொன்ன நாளிலே முடித்தல் எவர்க்கும் பழகக்கூடியது. எல்லாத் தொழிலிலும் துணைநிற்கும் குணம் அதுவொன்றே என்பதை மேலே கண்டோம்.

எமக்குக் கடிதம் எழுதிய கொழும்பு அன்பர்க்கு, அம்மூவரையும் பற்றி நாம் கண்ட செய்கைகளைத் தனித்தனியே எழுதி மறுமொழி அனுப்பினோம். ஒருவரைப் பற்றி எழுத இரண்டு செய்கைகளே நினைவுக்கு வந்தன. அக்குறை அம்மாணவருடையதன்று, காணத் தவறிய எம்முடையது. மருந்துக் களஞ்சியப் பொறுப்பாளர்க்கும் புதிய பத்திரமொன்றை எழுதி அனுப்பியுள்ளோம். இனி அவர்க்கு அது தேவைப்படாது. எழுதவேண்டிய கடன் எமக்கு இருந்தது.

கல்லூரியன்னை நீடு வாழ்க! அவள் மைந்தர் தத்தமக்கு இயைந்த கருமத்திலே சிறந்து விளங்குக!